நர்ஸ் போகும்வரை வரமாட்டேன்

என்னங்க,

பத்து மணிக்கு லைஃப் இன்சூரன்ஸ் டெஸ்ட் எடுக்க நர்ஸ் வருவார். ஊசி கிடையாது, பயப்படாதீர்கள். பஞ்சுக் குச்சியால் எச்சில் எடுப்பார், சிறுநீருக்கு டப்பா தருவார், இடுப்பை அளப்பார். தொந்தியை எக்கிக்கொண்டு நிற்க வேண்டாம்; அவர் பார்க்காத தொந்தியா?

கடைசியாகத்தான் பிரஷர். "உன்னாலதான் எனக்கு பிரஷரே ஏறுது" என்று நேற்று கத்தினீர்களே, அதனால் அவர் போகும்வரை அக்கா வீட்டில் இருப்பேன். டிபன் மேசையில் மூடியிருக்கிறது. காபி மட்டும் டெஸ்ட் முடிந்த பிறகு. நர்ஸ் போனதும் போன் பண்ணுங்கள், ஓடி வருகிறேன்.

ஒன்றை எழுத மறந்துவிட்டேன். போன வாரம் எனக்குப் பிரஷர் பார்த்தபோது நீங்கள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தீர்கள். "நூத்திப்பத்துக்கு எழுபது, சூப்பரா இருக்கும்மா" என்று நர்ஸ் சொன்னது ஞாபகம் இருக்கிறதா? எனக்கு ஏறவே இல்லை.