பப்பாளி மரத்தில் மாட்டிய அட்டை

12 ஆகஸ்ட் 1958, செவ்வாய்
காஜா பேராங்

அந்தச் சனியன் பிடித்த அணில் இன்றைக்கும் தப்பிவிட்டது. கொல்லையில் பப்பாளி பழுத்தால் போதும், நான் எழுந்து வருவதற்குள் குடைந்துவிடுகிறது. "ஒரு பழமாவது வாயில வைக்க முடியுதா?" என்று சரோஜா தினமும் புலம்பியதால்தான், காட்டிலாகாவில் இருக்கும் நண்பனிடம் கெஞ்சி, போன வாரம் இந்தச் சும்பிட்டை வாங்கி வந்தேன். நீளமான மூங்கில் குழாய். உள்ளே ஈர்க்குச்சி அம்பை வைத்து ஊத வேண்டும். குறி பழக ஓர் அட்டையில் வட்டம் போட்டு, அந்தப் பப்பாளி மரத்திலேயே மாட்டினேன். அங்கேதான் என் புத்தி கெட்டுப்போனது.

இன்று சாயங்காலம் சரோஜா என்னை மரத்தடிக்குக் கூப்பிட்டாள். மேலே காய்களில் எல்லாம் ஓட்டை. பால் வடிந்து காய்ந்திருந்தது. சிலவற்றில் என் அம்பு முறிந்து நின்றது. காணாமல் போன அம்புகளை நான் புல்லில் அல்லவா தேடிக்கொண்டிருந்தேன்! அட்டையில் ஒரு கீறல்கூட இல்லை.

"அணில் பழுத்ததைத்தாங்க தின்னுச்சு. நீங்க பிஞ்சைக்கூட விடல."

அவள் நட்டு வளர்த்த மரம். காற்று அடித்தது என்று ஆரம்பித்தேன். அவள் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டேன்.

ராத்திரிச் சோற்றுக்குப் பப்பாளிக்காய்க் கூட்டு. தட்டு நிறையப் பரிமாறினாள். மறுக்காமல் சாப்பிட்டேன். இரண்டு வாய் உள்ளே போயிருக்காது, ஈர்க்கு முனை ஒன்று பல் ஈறில் சுருக்கென்று ஏறியது. இன்னும் வலிக்கிறது. இத்தனை நாள் ஊதியதில் குறி தப்பாமல் பட்டது அது ஒன்றுதான்.