மூடிக் கிடந்த மழைத்தொட்டி

மைனி,

இன்று காலை சாரல் தொடங்கியதும் அழுகிய இலைகளின் வாடை வந்தது. பக்கத்து வீட்டில் மாடித் தண்ணீர் இறங்கும் குழாயைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். அவ்வளவுதான். ஆனாலும் ஓடிப்போய் அடுக்களைச் சன்னலைச் சாத்தினேன்.

முட்டத்தில் நம் வீட்டுப் போர்க்கிணற்றுத் தண்ணீர் உப்பேறி, உங்கள் பிச்சிக்கொடி நுனியிலிருந்து கருகத் தொடங்கிய காலம். உங்களைக் கட்டிய என் அண்ணன் மஸ்கட்டில் இருந்தார். அவர் வரட்டும் என்று நீங்கள் காத்திருக்கவில்லை. கொல்லையில் பூமிக்கடியில் தொட்டி கட்டி, மாடியில் விழும் மழையைக் குழாய் வழியாக அதற்குள் இறக்கினீர்கள். கொசு வராமலிருக்க மேலே இரும்பு மூடி. "மழைத்தண்ணி குடிச்ச செடிக்க மொகத்தப் பாரு மக்கா" என்று தளிர்களைத் தடவிக் காட்டுவீர்கள். அந்த வருஷம் வீடு முழுக்கப் பிச்சி மணத்தது.

அடுத்த கோடை முடியும்போது தொட்டி மோட்டார் ஓடியது, தண்ணீர் ஏறவில்லை. இலை அடைத்திருக்கும் என்றீர்கள். மாதக்கணக்கில் திறக்காத மூடியை இருவருமாக நெம்பினோம். வந்த வாடையில் மூக்கைப் பொத்திக்கொண்டேன். விளிம்பில் ஒட்டியிருந்த பல்லி ஒன்று உள்ளே விழுந்து, சகதித் தண்ணீரில் சற்றே துடித்து அடங்கியது. நீங்களும் அதைப் பார்த்தீர்கள்.

"வேண்டாம் மைனி. ஆளு கூப்பிட்டுக்கிடலாம்."

"முழங்காலளவு தண்ணிதான் கெடக்கு. இதுக்கு ஒரு ஆளா? நீ வாளியப் பிடி."

ஏணியில் இறங்கினீர்கள். முதல் வாளிச் சகதியை இழுத்துக் கொட்டினேன். அடுத்த வாளி நிறையவில்லை. "மைனி?" என்றேன்.

"தலை ஒரு மாதிரி..." என்றீர்கள். ஏணியை நோக்கி நீண்ட கை அதைத் தொடாமலே சரிந்தது. சத்தம்கூடப் பெரிதாக இல்லை.

அலறிக்கொண்டே ஏணியில் கால் வைத்துவிட்டேன். பக்கத்து வீட்டுக்காரர் மதிலேறிக் குதித்து வந்து, என் இடுப்பைப் பிடித்துப் பின்னால் இழுத்தார். "உள்ள காத்து கெட்டுக் கெடக்கு! நீ எறங்கினா நீயும் வரமாட்ட!" அவர் கையைக் கடித்தேன். அவர் விடவில்லை. தீயணைப்பு வண்டி வரும்வரை, உங்கள் தோள்துண்டு தண்ணீரில் விரிந்து மிதப்பதை மேலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தேன்.

மூடிய குழிக்குள் அழுகும் இலை மூச்சுக்காற்றைத் தின்றுவிடும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். உங்கள் சாவுக்கு வந்த அண்ணன் தொட்டியை மண் போட்டு நிரப்பினார். செடிகள் என்ன பாவம் செய்தன? இப்போது தரைக்கு மேலே பீப்பாய் வைத்து, வாயில் வலை கட்டி, மழையைப் பிடித்து ஊற்றுகிறேன். பிச்சி பூக்கிறது. பறிக்கத்தான் மனம் வருவதில்லை.

போன மாதம் கோட்டாற்றில் என் சிநேகிதி வீட்டுக்குப் போயிருந்தேன். கொல்லையில் மழைத்தொட்டியின் மூடியைத் திறந்து போட்டு, சேலையை இடுப்பில் செருகிக்கொண்டிருந்தாள். ஏணி ஏற்கெனவே உள்ளே நின்றது. ஓடிப்போய் அவள் மணிக்கட்டைப் பிடித்தேன்.

"ஏட்டி, விடு. நோவுது."

"நோவட்டும்."

உங்களுக்கு நடந்ததைச் சொன்னேன். அவள் முகம் வெளுத்தது. "சரிட்டி, நான் எறங்கல" என்றாள். ஏணியைக்கூட வெளியே இழுத்துப் போட்டாள். அதற்குப் பிறகும் என் கை அவளை விடவில்லை, மைனி.