குதிரையின் குரல்

வாலு,

முட்டை அவித்து மூடி வைத்திருக்கிறேன். கோபத்தை என்மேல் காட்டு, சாப்பாட்டில் காட்டாதே. பத்து மணிக்கு அப்பா காரோடு வருவார். உன் பெட்டிகளை அவரே தூக்கட்டும். நான் லீவு போடவில்லை. நீ அவர் வீட்டுக்கே போவதை வாசலில் நின்று பார்க்க எனக்குத் தெம்பில்லை. அதற்கு நாள் முழுக்க பஸ் ஓட்டிவிடலாம்.

நம் கதைப் புத்தகத்தின் கடைசிப் பாகத்தை நீ தனியாகவே படித்து முடித்துவிட்டாய். முந்தின நான்கு பாகங்களிலும் கடைசி அத்தியாயத்தைச் சேர்ந்து சத்தமாகத்தானே படித்தோம்? சரி, போகட்டும். நேற்று டிப்போவில் உட்கார்ந்து நானும் முடித்தேன்.

போர் பிரமாதம். பாலம் இடியும்போது கையில் இருந்த டீ ஆறிப்போனதே தெரியவில்லை. ஆனால் அந்தப் பெண் கோட்டைக் கதவைத் தாண்டி வேறு உலகத்துக்கே போகிறாள், அவள் அம்மாவுக்கு ஒரே ஒரு வரி! ‘அம்மா அழவில்லை.’ எழுதினவருக்குப் பிள்ளை குட்டி கிடையாது போல.

“இங்க மூச்சு முட்டுதும்மா” என்றாயே, அவளும் அதைத்தான் சொல்கிறாள். அவள் போனது சரி என்றுதான் எனக்கும் பட்டது. அதுதான் தாங்கவில்லை.

வீட்டுச் சாவி உன்னிடமே இருக்கட்டும்.

புத்தகத்தை உன் பையில் வைத்துவிட்டேன். இங்கே இருந்தால் அந்த ஒரு வரியையே படித்துக்கொண்டிருப்பேன்.

இன்னொன்று. கடைசி அத்தியாயத்தில் குதிரை பேசுகிறதே. எப்போதும் நான்தானே கனைத்துக் கனைத்து அதற்குக் குரல் கொடுப்பேன்? இந்தத் தடவை உனக்கு அது யார் குரலில் கேட்டது?