தட்டல் சத்தத்துக்கு ஒரு சாட்சி

சமையலறை முழுக்கச் சீதாப்பழ வாசனை. நேற்று நர்சாபூர் காட்டிலிருந்து திரும்பும் வழியில், சாலையோரம் கூடை வைத்து விற்றவளிடம் உன் மனைவி வாங்கிய பழங்கள். கண் விரிந்தவையாகப் பார்த்துப் பொறுக்கி, பாதியை எங்கள் பையில் போட்டுவிட்டாள். ஒரே ராத்திரியில் எல்லாம் பழுத்துவிட்டன. என் மனைவி காலையிலிருந்து ஒன்றைப் பிளந்து வைத்துக்கொண்டு சாப்பிடக் கூப்பிடுகிறாள். நான் இன்னும் தொடவில்லை. உன்மேல் அவ்வளவு கோபம். செத்துப்போனவன்மேல் கோபப்பட்டு ஆகப்போவது ஒன்றுமில்லை என்று தெரியும். ஆனாலும் வேறு யாரிடம் காட்டுவது? அதனால் உனக்கே எழுதுகிறேன்.

உன் மனைவியை அழைத்துக்கொண்டு நான் ஏன் அந்தக் காட்டுக்குப் போனேன் என்று நீ கேட்பாய். முதலிலிருந்து சொல்கிறேன். முன்பாதி உனக்கும் தெரிந்ததுதான். பின்பாதியை நீ கடைசிவரை என்னிடம் சொல்லவில்லை.

நாம் இருவரும் ஒரே டெஸ்டிங் டீமில் வேலை பார்த்தோம். நான் விருதுநகர்ப் பக்கத்திலிருந்து இந்தத் தெலுங்கு ஊருக்குப் பிழைக்க வந்து ஹப்சிகுடாவில் வாடகைக்கு இருந்தவன். நீ போலாரத்திலேயே பிறந்து வளர்ந்தவன். உன் தாத்தாவின் அப்பா வெள்ளைக்காரன் காலத்தில் பட்டாளத்தோடு வந்து, அங்கேயே தங்கிவிட்டார். ஆமாம் என்பதற்கு ஹவ் என்பாய், வேண்டாம் என்பதற்கு நக்கோ என்பாய், ஏன் என்பதற்குக் கைக்கு என்பாய். உன் தமிழைக் கேட்டு முதல் வாரம் முழுக்க விழுந்து விழுந்து சிரித்தேன். என் தமிழைக் கேட்டு, இவன் பேசுகிறானா சண்டைக்கு வருகிறானா என்று நீயும் டீம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாய்.

நம் டீமில் ஒரு வழக்கம் இருந்தது. ஒருவன் சாஃப்ட்வேரில் ஒரு பிழையைக் கண்டுபிடித்தால், இன்னொருவன் தன் கம்ப்யூட்டரில் அதே பிழையை வரவழைத்துப் பார்க்க வேண்டும். அந்த இரண்டாவது ஆள் “நானும் பார்த்தேன்” என்று சொன்ன பிறகுதான் அது பிழை. அதுவரை வெறும் சந்தேகம். மற்றவர்கள் சிநேகிதத்துக்காகச் சும்மாவே தலையாட்டிவிடுவார்கள். நீ ஆட்டமாட்டாய். ஒருமுறை நான் கண்ட பிழை உன் கம்ப்யூட்டரில் வரவில்லை. மேனேஜர் கெஞ்சினார், நான் கெஞ்சினேன். “நான் பாக்கல. பாக்காததைப் பாத்தேன்னு எப்படிடா சொல்றது?” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாய். கோபத்தில் உன்னோடு பேசாமல் இருந்தேன். நீயே வந்து இரானி டீ வாங்கிக்கொடுத்துச் சமாதானம் செய்தாய். ஆனால் சொன்ன சொல்லை மட்டும் மாற்றவில்லை.

அப்புறம் அமெரிக்காவில் பொருளாதாரச் சரிவு வந்தது. தினம் யாராவது ஒருவர் மேசையைக் காலி செய்துகொண்டு போனார்கள். மிஞ்சியவர்களுக்குத் தெம்பூட்ட, கம்பெனி நம்மையெல்லாம் பஸ்ஸில் ஏற்றி நர்சாபூர் காட்டுக்குப் பிக்னிக் அழைத்துப் போனது. நீ வரவில்லை. அங்கேதான் முதன்முதலாக அந்தச் சத்தத்தைக் கேட்டேன். காய்ந்த மரத்தை மரத்தால் தட்டுவதுபோல ஒரு டொக். கொஞ்சம் இடைவெளி. பிறகு டொக் டொக். பக்கத்தில் இருந்தவர்களிடம் கேட்டேன். யாருக்கும் கேட்கவில்லை. காட்டுப் பிசாசு உனக்கு வேலை கொடுக்கக் கதவைத் தட்டுகிறது என்று ஒருவன் கேலி செய்தான். நானும் சேர்ந்து சிரித்தேன். ஆனால் உள்ளுக்குள் பயந்துவிட்டேன்.

காரணம் என் சித்தப்பா. அன்று எனக்கு இருந்த வயதில்தான் அவருக்கும் ஆரம்பித்தது. வீட்டுக்குப் பின்னால் யாரோ ஆணி அடிக்கிறார்கள் என்றார். அடுத்த வீட்டுக்காரரிடம் போய்ச் சண்டை போட்டார். பிறகு கோயிலிலும் கேட்டது, பஸ்ஸிலும் கேட்டது. மிச்ச வாழ்க்கையைப் பின்கட்டு அறையில், காதைப் பொத்திக்கொண்டே கழித்தார். அதனால்தான் என் அம்மா போனில் எப்போது பேசினாலும், நன்றாகத் தூக்கம் வருகிறதா என்று கேட்டுவிட்டுத்தான் வைப்பாள். என் மனைவிக்குச் சித்தப்பாவைப் பற்றித் தெரியும். தெரிந்ததால்தான் அவளிடம் சொல்லப் பயந்தேன்.

உன்னிடம் சொன்னேன். கேன்டீனில், எல்லோரும் சாப்பிட்டு எழுந்து போன பிறகு. என் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல் முழுவதையும் கேட்டாய். டாக்டரைப் பார் என்றோ, பிரமையாக இருக்கும் என்றோ நீ சொல்லவில்லை.

“சனிக்கெழம போலாம். நான் ரெண்டாவது ஆளா வர்றேன்,” என்றாய்.

சனிக்கிழமை காலையில் உன் ஸ்கூட்டரில் போனோம். தேக்கு மரங்களுக்கு நடுவே கிடந்த அந்தப் பெரிய பாறையில் ஏறி உட்கார்ந்தோம். வெகுநேரம் ஒன்றுமில்லை. பிறகு வந்தது. உன் கையைப் பிடித்து அழுத்தினேன். நீ கண்ணை மூடிக்கொண்டாய். உன் வாயிலிருந்து என்ன வரப்போகிறதோ என்று உன் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். இல்லை என்று நீ சொன்னால், நான் சித்தப்பாவின் அறைக்குப் போகவேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

“ஹவ்டா, கேக்குது,” என்றாய். “எனக்கும் கேக்குது.”

அழுதுவிட்டேன். “கைக்குடா அழுவுற?” என்று முதுகில் ஒரு அடி போட்டாய். வேறு யார் சொல்லியிருந்தாலும் ஆறுதலுக்காகச் சொல்கிறான் என்று நினைத்திருப்பேன். சொன்னவன் நீ. அதனால் அப்படியே நம்பினேன்.

சத்தம் உண்மை என்று ஆனபிறகு அதற்குக் காரணம் கண்டுபிடிக்கும் பைத்தியம் நம்மைப் பிடித்துக்கொண்டது. அந்தக் குளிர்காலம் முழுக்கச் சனிக்கிழமை என்றால் நர்சாபூர்தான். முதலில் மரங்கொத்தி என்றாய். ஒரேயடியாக வருகிறதா, விட்டு விட்டு வருகிறதா என்று என்னைக் கேட்டாய். விட்டு விட்டு என்றேன். மரங்கொத்தி கொத்தினால் கடகடவென்று வருமே, இது அது இல்லை என்று நீயே தள்ளிவிட்டாய். அடுத்த வாரம், மூங்கில் ஒன்றோடொன்று மோதுவதாக இருக்கும் என்றாய். காற்றே இல்லாத ஒரு காலையிலும் சத்தம் வந்ததால் மூங்கிலும் போனது. லம்பாடிகள் மாட்டின் கழுத்தில் கட்டும் மரமணி என்று ஒருநாள் முடிவு கட்டி, ஓடைப்பக்கம் மேய்ந்த ஒரு மாட்டைத் தேடிப் பிடித்தாய். மாட்டுக்காரியிடம் மணியை ஆட்டிக்காட்டச் சொல்லிவிட்டு, இதுவா இதுவா என்று என் முகத்தையே பார்த்தாய். அது லொடலொடவென்று கலந்தடித்தது. இல்லை என்றேன்.

அப்புறம் பாறை. குளிரில் சுருங்கிய பாறை வெயில் ஏற ஏற உள்ளுக்குள் விரியும், அப்போது இப்படித் தட்டும் என்று எங்கேயோ படித்துவிட்டு வந்து, அந்தப் பாறைமேல் காதை வைத்துப் படுத்தே கிடந்தாய். பிறகு கல் உடைப்பவர்கள். ஊரைச் சுற்றி எங்கே பார்த்தாலும் கண்ணாடிக் கட்டடங்களுக்காகப் பாறைகளை உடைத்துக்கொண்டிருந்த காலம் அது. எங்கோ தூரத்தில் உளி அடிக்கும் சத்தம் மலையில் பட்டுத் திரும்புகிறது என்றாய். காட்டுக் காவலரை விசாரித்தோம். காடு என்று இருந்தால் ஏதாவது சத்தம் இருக்கத்தான் செய்யும் சார் என்று தெலுங்கில் சொல்லிவிட்டு, அவர் பீடியைப் பற்றவைத்துக்கொண்டார். கடைசிவரை ஒரு முடிவுக்கும் வரவில்லை. எனக்குத்தான் அதற்குள் தூக்கம் வந்துவிட்டது. அம்மா கேட்டபோது, நன்றாகத் தூங்குகிறேன் என்று உண்மையாகவே சொல்ல முடிந்தது.

பிறகு எனக்கு வேறு கம்பெனியில் வேலை கிடைத்தது. சில வருடம் வெளிநாடு. திரும்பி வந்த பிறகும், அடுத்த சனிக்கிழமை போகலாம் என்று சொல்லிச் சொல்லியே நாள் போனது. போனில் கூப்பிட்டால் இரண்டு வார்த்தை பேசிவிட்டு மனைவியிடம் கொடுத்துவிடுவாய். பழைய சிநேகிதம் கசந்துவிட்டது என்று நினைத்தேன். என் மனைவியிடம் உன்னைப் பற்றிக் குறையும் சொல்லியிருக்கிறேன். இந்த வருடம் மாசியில் ஒருநாள் காலையில் உன் மனைவியே போன் செய்தாள். மாரடைப்பு, ஆஸ்பத்திரி போகும் வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது என்றாள்.

போன மாதம் அவளைப் பார்த்துவிட்டு வரலாம் என்று போலாரம் போனேன். உன் அலமாரியை ஒழித்துக்கொண்டிருந்தாள். சட்டைகளுக்கு அடியிலிருந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்து, யாருக்காவது உதவும் என்றால் கொடுத்துவிடுங்கள் என்று என்னிடம் நீட்டினாள். திறந்து பார்த்தால் காது கேட்கும் மெஷின். யாருடையது என்றேன். அவள் என்னை விநோதமாகப் பார்த்தாள்.

“அவரோடதுதாண்ணா. ரெண்டு நாள் போட்டுட்டு நக்கோன்னு கழட்டி வச்சிட்டாரு. உங்களுக்குத் தெரியாதா?”

சிறுவயதில் வந்த காய்ச்சலில் உன் இடது காது போய்விட்டதாம். வலது காதில், பக்கத்தில் உட்கார்ந்து முகம் பார்த்துப் பேசினால் கேட்கும். ஆபீசில் தெரிந்தால் வெட்டும்போது முதலில் உன் பெயரைத்தான் வெட்டுவார்கள் என்று, அந்தச் சரிவு வருடத்தில் நீ நடுங்கிக்கொண்டு கிடந்தாயாம். அவளைத் தவிர ஒருவருக்கும் தெரியக்கூடாது என்று சத்தியம் வாங்கியிருந்தாயாம். தூரத்தில் வரும் சத்தம், காட்டுக்குள் வரும் சத்தம் கேட்குமா என்று கேட்டேன்.

“கல்யாணம் ஆன நாள்லேருந்து அவருக்குக் குருவிச் சத்தமே கேட்டதில்லண்ணா,” என்றாள்.

வீடு வந்து சேர்ந்த பிறகு எனக்கு முதலில் வந்தது பழைய பயம்தான். அந்தச் சத்தத்துக்கு இருந்த ஒரே சாட்சி நீ. அந்தச் சாட்சியும் பொய் என்றால்? இரண்டு நாள் குக்கர் விசிலைக் கேட்டால்கூட, அவளுக்கும் கேட்டதா என்று மனைவியின் முகத்தைப் பார்த்தேன். அது தானாகவே அடங்கிவிட்டது. இத்தனை வருடம் ஒன்றும் ஆகாதவனுக்கு இனி என்ன ஆகப்போகிறது?

அதற்குப் பிறகு வந்த கோபம்தான் அடங்கவில்லை. பார்க்காத பிழையைப் பார்த்தேன் என்று மேனேஜருக்காகவும் சொல்லாதவன், கேட்காத சத்தத்தைக் கேட்டேன் என்று எனக்காகச் சொல்லியிருக்கிறாய். சொன்னதோடு விட்டாயா? உன் காதில் விழாத ஒரு சத்தத்துக்கு, என் வாயைப் பார்த்தே மரங்கொத்தி, மூங்கில், மணி, பாறை என்று வாரம் ஒரு காரணம் கொண்டுவந்தாய். எனக்காகத்தான் செய்தாய். அதை உணராத மடையனாக நான் உன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

இன்னொன்றும் இப்போதுதான் உறைக்கிறது. அதே கேன்டீனில், அதே வாரத்தில், என்னைவிடப் பெரிய பயம் உனக்கு இருந்தது. என்னுடையதை உன் தலையில் இறக்கிவைத்துவிட்டு நான் எழுந்து போய்விட்டேன். உனக்கு எப்படி இருக்கிறது என்று ஒரு பேச்சுக்குக்கூட விசாரிக்கவில்லை. அந்தப் பாறையில் உட்கார்ந்து அந்த ஒரு சத்தத்தைப் பற்றியே பேசினேனே, எதிரே மயில் அகவியதையும் தவிட்டுக்குருவிகள் கூச்சல் போட்டதையும் உனக்குச் சொல்லியிருக்கலாமே. உனக்கும் கேட்கிறது என்றுதானே நினைத்தேன்! எத்தனை காலைகள் நீ அங்கே தனியாக உட்கார்ந்திருந்தாய் என்று நினைத்தால் நெஞ்சு பொறுக்கவில்லை.

அன்று என்னிடம் அந்தச் சத்தத்தின் கதையைக் கேட்டிருந்த உன் மனைவி போன வாரம் கூப்பிட்டாள். காட்டுக்குப் போய்வந்தால் இரண்டு நாளைக்கு நீ சந்தோஷமாக இருப்பாயாம். உன்னை அவ்வளவு சந்தோஷப்படுத்தியது என்ன சத்தம், அவளும் ஒருமுறை கேட்கவேண்டும் என்றாள். உனக்கு எதுவுமே கேட்கவில்லை என்று தெரிந்தவள்தான் அப்படிக் கேட்டாள்.

நேற்று நாங்கள் மூவரும் காரில் போனோம். வழியெல்லாம் ரிசார்ட்டுகள், லாரிகள். நல்லவேளையாகப் பாறையை யாரும் உடைக்கவில்லை. என் மனைவி ஏற முடியாமல் கீழே நிழலில் நின்றுகொண்டாள். நாங்கள் இருவரும் மேலே உட்கார்ந்தோம். நான் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தேன். குருவிகள் கத்தின. தூரத்தில் ஒரு லாரி ஹாரன் அடித்தது. அந்தத் தட்டல் வரவே இல்லை.

“கேக்குதாண்ணா?” என்றாள். கண் இமைக்காமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“கேக்குதும்மா,” என்றேன்.

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். கன்னத்தில் வழிந்ததைத் துடைக்கவில்லை. “ஹவ்ண்ணா, எனக்கும் கேக்குது,” என்றாள். அவளுக்குக் கேட்டது என்ன என்று நான் விசாரிக்கவில்லை. கீழே இறங்கும்போது அவள் முகம் தெளிந்திருந்தது. அப்புறம்தான் வழியில் காரை நிறுத்தச் சொல்லிப் பழம் வாங்கினாள்.

அந்த ஒரு பொய்யைச் சொல்லவே எனக்கு அவ்வளவு கஷ்டமாக இருந்தது. ஒரு குளிர்காலம் முழுக்க நீ அதை எப்படிச் சொன்னாய்? எழுத எழுதக் கோபம் எங்கேயோ போய்விட்டது. வருத்தம் போகவில்லை. அது போகவும் வேண்டாம், என்னிடமே இருக்கட்டும். அந்தச் சனிக்கிழமைகளில் ஒன்றே ஒன்று திரும்பக் கிடைத்தால் போதும். நீ வாயைத் திறப்பதற்கு முன்னால், உன் வலது பக்கமாக வந்து உட்கார்ந்து, உன் முகத்தைப் பார்த்து நான் சொல்லிவிடுவேன்: “எனக்கும் ஒண்ணும் கேக்கலடா.”