பர்கண்டியிலிருந்து வந்த படம்

பிரபாவுக்கு,

ரிஷி நன்றாகச் சாப்பிடுகிறான். இங்கே சவூதியில், அல் கோபாரில் வெயில் இன்னும் குறையவில்லை.

பிரான்ஸில் பயிற்சி முடிந்ததும் ஆபீஸ்காரர்கள் எல்லோரும் பர்கண்டி திராட்சைத் தோட்டங்களைச் சைக்கிளில் சுற்றியதாக நீ அனுப்பிய படங்களைப் பார்த்தேன். அழகான ஊர். ஒரு படத்தில் நீ சைக்கிளில் உட்கார்ந்து சிரிக்கிறாய். உங்கள் டீம் ராஜீவ் உன் ஹெல்மெட் வாரை மாட்டிவிடுகிறான். அதை மட்டும் திரும்பத் திரும்பப் பெரிதாக்கிப் பார்த்தேன். உனக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியும் என்பதே பதினொரு வருடமாக எனக்குத் தெரியாது. அவனுக்குத் தெரிந்திருக்கிறது.

அந்த நேரம் பார்த்து உன் ஆபீஸ் சுஷ்மிதா போன் செய்தாள். "அண்ணா, பிரபாவை பிரான்ஸ்லயே ஒரு வருஷம் போடலாம்னு பேச்சு. ராஜீவும் அங்கதான். வீட்ல ஒத்துக்குவீங்களான்னு முதல்ல கேட்டுக்கலாம்னு..."

"அவளுக்கு இஷ்டமில்ல. என்கிட்ட சொல்லிட்டா," என்றேன்.

நீ என்னிடம் அப்படி எதுவும் சொல்லியிருக்கவில்லை. உனக்கு விஷயமே தெரியாது.

இரண்டு நாள் நிம்மதியாகத்தான் இருந்தேன். இன்று காலை ரிஷி அதே படத்தைப் பார்த்துவிட்டு, "அப்பா, அம்மா ஸோ ஹேப்பி! வீட்ல இப்படி சிரிச்சதே இல்லயே," என்றான். அவன் ராஜீவைக் கவனிக்கக்கூட இல்லை.

உடனே சுஷ்மிதாவைக் கூப்பிட்டு, "நான் சொன்னது பொய்ம்மா. பிரபாகிட்டயே கேளுங்க," என்று சொல்லிவிட்டேன். நாளை கேட்பார்கள்.

'சரி என்று சொல்' என உனக்கு எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுத முடியவில்லை. உன் மனதில் இருப்பதை நீயே அவர்களிடம் சொல்லிவிடு. அதற்குப் பிறகு நானும் 'சரி' என்று எழுதுகிறேன்.

இப்படிக்கு,
உன் புருஷன்