மீன்தொட்டி புதிதாகவே வாங்கியாயிற்று

அன்புள்ள சின்னுவுக்கு,

அப்பாவும் நானும் இங்கே சுகமாக இருக்கிறோம், நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, தூங்கி எழுந்து வேலைக்குப் போய்வருகிறாய் என்று நம்பிக்கொண்டிருக்கிறேன். நம்பத்தான் முடிகிறது, ஏனென்றால் இப்போதெல்லாம் நீ அப்பாவிடம் மட்டும் பேசிவிட்டுப் போனை வைத்துவிடுகிறாய். தப்பு உன்மேல் இல்லை. போனில் சொல்லலாம் என்றால் எனக்கு வாய் வரவில்லை, அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

உன் மீன்தொட்டி போய்விட்டது. மூலையில் கசிய ஆரம்பித்தபோதே நீ தெளிவாகச் சொன்னாய், பழைய சிலிகானைப் பிளேடால் முழுக்கச் சுரண்டிவிட்டு உள்பக்கம் பூசினால்தான் நிற்கும், பழசுமேல் புதுசு ஒட்டாது, அதுக்கெல்லாம் உனக்குப் பொறுமை இருக்காதும்மா, பேசாம புதுசு வாங்கிடு என்று. எனக்குச் சுருக்கென்றது. யாரோ கழித்துவிட்ட தொட்டியை ஆசையாக வாங்கி, ஸ்கூட்டரில் அப்பாவுக்குப் பின்னால் மடியில் வைத்துக் கொண்டுவந்தவள் நீ. அதைத் தூக்கிப் போட எனக்கு மனசு வராதபோது நீயே இப்படிச் சொல்கிறாயே என்றுதான், "பழசாயிட்டா எல்லாத்தையும் விட்டுட்டுப் போயிடுவ, உனக்கு அது பழக்கம்தானே" என்று கேட்டுவிட்டேன். நீ போனை வைத்துவிட்டாய்.

அதன்பிறகு எனக்கு வீம்பு. குளியலறைக்குப் பூசி மிச்சமிருந்த சிலிகானை எடுத்து, எதையும் சுரண்டாமல், வெளிப்பக்கமாகவே பழசுமேல் அப்பி, கசிந்த விரிசலுக்குள்ளும் திணித்துவிட்டேன். கசிவும் நின்றது போலத்தான் இருந்தது. அலுவலகம் முழுக்கப் பீற்றிக்கொண்டேன், மேடம் வேலையை விட்டுட்டுக் கடையே போட்டுடலாம் என்று எங்கள் கணக்கர் கிண்டலடித்ததைக்கூடப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன். அடுத்தடுத்து அந்தக் கோடுபோட்ட குட்டி மீன்கள் இரண்டும் செத்து மிதந்தன. அப்பா சிலிகானைச் சந்தேகப்பட்டார், நான் வயசாயிருக்கும் என்றேன். குட்டிக்கு ஏதுடி வயசு என்று அவர் கேட்கவில்லை, என்னைப் பார்த்துவிட்டுப் பேப்பரைப் பிரித்துக்கொண்டார். பிறகு எடுத்துப் பார்த்தால், அந்தச் சிலிகானில் பூஞ்சைக்கு மருந்து கலந்திருக்கிறது, மீன்தொட்டிக்கு உதவாது என்று குழாயிலேயே பொடி எழுத்தில் போட்டிருக்கிறது. காப்பீட்டு அலுவலகத்தில் உட்கார்ந்துகொண்டு வருகிறவர்களிடமெல்லாம் பொடி எழுத்தைப் படிங்க என்று சொல்கிறவள் நான்.

போன ஞாயிறு மத்தியானம் மூலை பிளந்து அத்தனை தண்ணீரும் கூடத்தில் கொட்டி, கீழ்வீட்டுத் தையல்காரியின் மேஜைவரை ஒழுகிவிட்டது. வெட்டி வைத்திருந்த துணிகளெல்லாம் பாசி நாற்றம். நனைந்த துணியோடு மேலே வந்தாள், சண்டைக்குத்தான் வருகிறாள் என்று நினைத்தேன், அவளோ "மொதல்ல மீன் பொழச்சுதான்னு சொல்லுங்கக்கா" என்றாள். சின்னு, அதுவரை நான் மீனைப் பார்க்கவே இல்லை. தரையைத்தான் துடைத்துக்கொண்டிருந்தேன். உன் ஹெட்மாஸ்டரை, அந்த ஆரஞ்சு மீனை, அப்பாதான் கையால் அள்ளிச் சோற்றுப் பானையில் விட்டிருந்தார். சாயங்காலம்வரை அவளோடு உட்கார்ந்து துணிகளை அலசி இஸ்திரி போட்டுக் கொடுத்தேன். அவள் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. பேசியிருந்தால் தேவலாம் போலிருந்தது.

எனக்குத் தொட்டிமேல் அவ்வளவு பிரியமெல்லாம் கிடையாது. நீ கிளம்பும்போது போகாதே என்று சொல்ல நினைத்தேன், உன் வேலையைக் கெடுக்கக்கூடாது என்று சிரித்துக்கொண்டே வழியனுப்பினேன். அன்று விழுங்கியதைத்தான் தொட்டியைச் சாக்காக வைத்து உன்மேல் துப்பிவிட்டேன். நீ எங்களை விட்டுவிட்டுப் போனவள் என்று நான் சொன்னது பொய். எழுதும்போதே கூசுகிறது.

புதுத் தொட்டி வாங்கி, தண்ணீர் மட்டம் பார்த்து வைத்தாயிற்று. ஹெட்மாஸ்டர் ஒரு மூலையிலேயே நிற்கிறார், பழகிவிடுவார் என்கிறார் அப்பா. பழசைத் தையல்காரி நூல்கண்டு போட்டுவைக்கக் கேட்டாள், உன்னைக் கேட்காமலே கொடுத்துவிட்டேன், அதற்கும் சேர்த்துத் திட்டு.

நினைத்ததெல்லாம் கைகூடி நீ நோய்நொடியில்லாமல் இருக்கவேண்டும். கண்ணாடியைத் துடைக்காமல் போட்டுக்கொண்டு கம்ப்யூட்டர் பார்க்காதே. இந்த வாரம் பேசும்போது அப்பாவோடு நிறுத்திவிடாதே, நான் எப்போதும் அவர் பக்கத்தில்தான் காதை வைத்துக்கொண்டு நிற்கிறேன்.

உன் அம்மா