உம்மாவின் பைத்துக் கிதாபில் நீ வெட்டின யன்னல்கள்

கிண்ணியா.

அன்பு மகள் மின்ஹாவுக்கு வாப்பா எழுதுவது, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ் காவலில் நீ சுகமாய் இருக்க வேண்டும். நான் சுகம், முழங்கால் வலிதான் வழமைபோல. போனில் கதைக்கலாம்தானே என்று நினைப்பாய், கதைத்தால் உம்மா பக்கத்தில் வந்து நிற்பா, அவவைப் பற்றித்தான் விசயம், அதனால் எழுதுகிறேன்.

உம்மாவின் பைத்துக் கிதாபை, அந்தப் பழைய பாட்டுப் புத்தகத்தை, நீ கேட்டாய். தமிழை அரபு எழுத்தில் எழுதினதை இனி வாசிக்க ஆளில்லை, அந்த அழிவைத்தான் செதுக்கிக் காட்டப் போகிறேன் என்றாய், எனக்கு மனப்பாடம்தானே என்று அவவும் சிரித்துக்கொண்டு தந்தா. நீ அதன் தாள்களைக் கத்தியால் குடைந்து நம்ம துறையடியும் வீடுகளும் செய்து படம் அனுப்பினாய், வடிவுதான், பொய் சொல்லக்கூடாது. அந்த வியாழன் மஃரிபுத் தொழுகைக்குப் பிறகு பைத் ஓதிக்கொண்டிருந்தவ திடீரென்று வாயை மட்டும் அசைக்கிறா, சத்தமில்லை, நாலு வரி தாண்டித்தான் குரல் திரும்ப வருகிறது. அடுத்த கிழமையும் அதே இடம். நடுவில் விட்டுவிட்டாய் என்றால், முழுக்க ஓதினேனே என்று என்னோடு சண்டை. உன் ராத்தா, மூத்தவள் றிஷானா, உன் படத்தைப் போனில் பெருப்பித்துத் தந்தாள், எழுத்துக்கூட்டி வாசித்தேன். நீ வெட்டின யன்னலுக்கு மேல் வரியில் உம்மாவின் சத்தம் நிற்கிறது, கீழ் வரியில் வருகிறது. நீ கடலைக் குடைந்து முடித்தேன் என்று சொன்ன அன்று, முற்றத்தில் நின்று கடல் எந்தப் பக்கம் என்று கேட்டா, எனக்கென்றால் காது நிறைய அலை இரைச்சல் கேட்கிறது.

கடைசித் தாள்களை இனித்தான் தொடுவேன் என்றாயே, அதில்தான் தாலாட்டு இருக்கிறது, உன் பெயரைப் போட்டு உன்னை உறக்கினது. தொடாதே. வெட்டின துண்டுகளை என்ன செய்தாய்? அரபு எழுத்துள்ள தாள் நிலத்தில் கிடந்தால் எடுத்து முத்தமிட்டு உயரத்தில் வைக்கத்தானே பழக்கினோம், கூட்டிக் குப்பையில் போட்டாயோ? போட்டிருந்தால் கிண்டியென்றாலும் எடு, எடுத்துக்கொண்டு நீயே வா, தபாலில் அனுப்ப ஏலாது.

அல்லாஹ் உனக்கு நீண்ட ஹயாத்தைத் தரட்டும். நோர்வேக் குளிருக்குக் காதை மூடு, நேரத்துக்குச் சாப்பிடு. இப்போதுதான் உம்மா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தா, யாருக்கு எழுதுகிறீங்க என்று கேட்டா, மின்ஹாவுக்கு என்றேன். நல்ல பெயர், யாருடைய பிள்ளை என்று கேட்டா.

மகள், கத்தியைக் கீழே வை.

உன் வாப்பா,
கலீலுர் றஹ்மான்